பளபளத்த அடுப்புகள்

உப்பல் தாண்டி கார் மண்சாலையில் இறங்கியபோது ஆக்னஸ் பின்சீட்டிலிருந்து முன்னால் எட்டிப் பார்த்தாள். முன்சீட்டில் சீதாராமன் அவள் எடுத்த படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். சென்னையிலிருந்து வந்திருந்த சரிபார்ப்பு அதிகாரி. நானூற்றுப் பன்னிரண்டு விறகடுப்புகள், எல்லாம் கண்ணாடி மாதிரி.

கட்டட வேலைக் குடியிருப்புகளுக்கு அவள் கம்பெனி கொடுத்த அடுப்புகள் அவை. விறகு மிச்சமாகி எவ்வளவு புகை குறைந்தது என்று பார்த்து, அதை கார்பன் கிரெடிட்டாக வெளிநாட்டில் விற்பார்கள். முன்பெல்லாம் எதைக் கொடுத்தாலும் வாங்கினார்களாம். சில கம்பெனிகள் எரியாத அடுப்புகளையும் சேர்த்து விற்றது வெளியே வந்ததிலிருந்து வாங்குகிறவர்களுக்குப் பயம். இனி விமானக் கம்பெனிகள்கூட வாங்க வரும், ஆனால் சந்தேகமில்லாத சரக்கைத்தான் தொடும் என்று மேலாளர் பத்மநாபன் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். கிரெடிட் விற்றால்தான் தேய்ந்த அடுப்புகளுக்குத் தட்டு மாற்றுவார்கள். இல்லையென்றால் இந்தப் பெண்கள் மறுபடி மூன்று கல்லும் புகையும்தான்.

அடுப்புகள் தினமும் எரிந்தவை. படம் எடுக்கும்முன் அவள்தான் ஒவ்வொன்றையும் சாம்பல் போட்டுத் தேய்த்தாள். கரியோடு ஒரு வீட்டுச் சாமானைப் படமெடுப்பது அந்த வீட்டுக்காரிக்கு அவமானம் என்று நினைத்தாள்.

கார் நின்றது. பத்மநாபன் அவள் பக்கம் குனிந்தார்.

"வாய் தொறக்காதே, நக்கோ. நான் பேசிக்கறேன். நீ அடுப்பைத் தொட்டேன்னு தெரிஞ்சா உன் வேலை போச்சு."

முதல் தகரக் கொட்டகையில் தங்கம் வாசலிலேயே நின்றாள். தர்மபுரிப் பக்கத்துக்காரி.

"காலையிலேயே தேச்சு வெச்சிட்டேன் கண்ணு. பாரு, மூஞ்சி தெரியுது."

சீதாராமன் அடுப்பைத் தூக்கித் திருப்பினார். ஒரு பொட்டுக் கரி இல்லை.

"ரெண்டு வருஷம் எரிஞ்ச அடுப்பாம்மா இது?" என்று கேட்டுவிட்டுப் பேனாவைத் திறந்தார்.

பத்மநாபன் ஏதோ சொல்லத் தொடங்கினார். எரியாத அடுப்பு என்று எழுதிவிட்டால் தீர்ந்தது. ஆக்னஸ் முன்னால் வந்தாள்.

"நான்தான் சார் தேச்சேன். எல்லா வீட்டுலயும். என்னைப் பாத்துதான் இவங்களும் தேய்க்கிறாங்க."

பத்மநாபன் வேறெங்கோ பார்த்தார். சீதாராமன் கோபப்படவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. சொல்லை வைத்து எழுத முடியாது, யாரும் தேய்க்காத அடுப்பு ஒன்றையாவது இப்போதே பார்க்க வேண்டும் என்றார்.

அப்போதுதான் அவளுக்குக் கேட்டது. வரிசை முழுக்க, கொட்டகைக்குக் கொட்டகை, தேங்காய் நார் அடுப்புத் தகரத்தில் உரசும் சத்தம். அதிகாரி வந்த செய்தி பரவிவிட்டது.

ஆக்னஸ் ஓடினாள். இரண்டாவது வீட்டில் முடிந்திருந்தது. மூன்றாவதில் பாதி. நான்காவதில் அடுப்பைத் தண்ணீரில் முக்கிவிட்டார்கள். "தேய்க்காதீங்கக்கா" என்று கத்தினாள். தன் குரல் இவ்வளவு பெரிதா என்று அவளுக்கே தெரியாது. கடைசிக் கொட்டகையில் அலமு சாம்பலை அள்ளிய கையோடு நிமிர்ந்தாள். ஆக்னஸ் அந்த அடுப்பைப் பிடுங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். காலைச் சூடு இன்னும் போகவில்லை. துப்பட்டாவில், கையில், கன்னத்தில், எங்கும் கரி.

சீதாராமன் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். படமெடுக்கப் போனை உயர்த்தினார்.

ஆக்னஸின் கை தானாகத் துப்பட்டா நுனியைத் தேடி முகத்தைத் துடைக்கப் போனது. பாதியில் நிறுத்திக்கொண்டாள்.