இரண்டே முக்கால் கிலோ

தொண்ணூற்று நான்கு ஆடியில், கருமத்தம்பட்டிக்கு வடக்கே தறிப்பட்டறை வைத்திருந்த நஞ்சுண்டனுக்குப் பிறந்த இரண்டாவது பெண் குழந்தைக்கு எடை இல்லை. பையன் என்று யாரோ உறுதியாகச் சொல்லியிருந்தார்கள். பெண் என்று தெரிந்ததும் வீட்டில் யாரும் அழவில்லை. ஊருக்குக் கொடுக்க வாங்கிவைத்த சர்க்கரையை மட்டும் எடுத்து உள்ளே வைத்தார்கள். மூன்றாம் நாள் குழந்தை தொட்டிலிலிருந்து எழும்பி உத்தரத்தில் போய் முட்டியது. தாய் சென்னியம்மாள் முக்காலி போட்டு ஏறி இறக்கினாள். கிராம நர்ஸ் மாரியாத்தாள் கொக்கித் தராசில் போட்டுப் பார்த்தபோது தராசுத் துணியும் குழந்தையோடு மேலே போயிற்று. "சைபர்னு எழுதுனா மேல இருக்கறவங்க என்னையத்தானுங்க கேப்பாங்க, அம்மணி" என்று சொல்லி, அட்டையில் இரண்டே முக்கால் கிலோ என்று எழுதினார். பேர் வைத்தால் இறங்கிவிடும் என்றார். அந்தப் பக்கத்தில் இப்படி அவர் பார்த்த முதல் குழந்தை இது இல்லை.

அவர்கள் குடும்பத்தில் பேரை அத்தைதான் வைக்க வேண்டும். சென்னிமலையில் இருந்த அக்காவை வெற்றிலை பாக்கோடு போய் நஞ்சுண்டன்தான் அழைக்க வேண்டும். "இந்தப் பாவு முடியட்டும், போலாம்" என்றார். பாவு முடிந்தது, தறியில் அடுத்த பாவு ஏறியது. "ஏனுங்க மொதலாளி, ஊட்டுக்குள்ளயே பட்டம் உடறீங்களாமா?" என்று தறிக்கார அப்புசாமி கேட்டபோது அவரும் சேர்ந்து சிரித்தார். சென்னியம்மாள் தானே ஒரு பேரைக் குழந்தையின் காதில் சொல்லிப் பார்த்தாள். அரை அங்குலம் இறங்கியது, திரும்பவும் எழுந்தது. பிறகு பாவு நூலை முறுக்கிக் குழந்தையின் இடுப்பில் கட்டி, மறுமுனையைக் கட்டில் காலில் முடிந்தாள். ஒரு வருஷத்துக்கு மேல் முக்காலியில் நின்றே பாலூட்டினாள்.

மறு வருஷம் ஐப்பசியில் அவள் மாடு கறந்துவிட்டு உள்ளே வந்தபோது கயிறு மட்டும் கிடந்தது. அறுந்திருக்கவில்லை, முடிச்சு நிதானமாக அவிழ்க்கப்பட்டிருந்தது. கூரையில் இரண்டு ஓடு விலகியிருந்தது. நஞ்சுண்டன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அட்டையில் மட்டும் குழந்தை மாதா மாதம் வளர்ந்து எட்டரைக் கிலோவைத் தாண்டியது. எடையை நிறுத்தினால் மாரியாத்தாள் காரணம் எழுத வேண்டியிருக்கும்.

போலியோ சொட்டு மருந்து நாளில் பள்ளிக்கூட மைதானத்தில் தாய்மார்கள் வரிசையில் நின்றார்கள். ஏழெட்டுப் பேர் கையில் கயிறு இருந்தது. மேலே பிள்ளைகள் காற்றுக்கு ஆடிக்கொண்டிருந்தன. மாரியாத்தாள் அதற்கென்றே ஏணி கொண்டுவந்திருந்தார். சென்னியம்மாளின் கயிறு வெறுமனே தரையில் இழுபட்டது. "இவளுக்கும் உட்டுருங்க, நர்ஸம்மா" என்றாள். மாரியாத்தாள் பேர் என்னவென்று கேட்கவில்லை. ஏணியில் ஏறி, வெறும் காற்றில் இரண்டு சொட்டு விட்டார்.

சொட்டு தரைக்கு வரவில்லை. மாரியாத்தாள் இறங்கி, அட்டையில் குறித்துக்கொண்டு, "அடுத்தவங்க வாங்க" என்றார்.