வெள்ளைக் குளிசை

முழங்காலை மாற்றுவதற்குத்தான் என் கணவர் பிரதாபனை ஆஸ்பத்திரியில் கொண்டுபோய் விட்டேன். ஒப்பரேசன் முடிந்து மறுநாள் போய்ப் பார்த்தால் நெஞ்சு முழுக்க வயர்கள். காலில் கத்தி வைத்தவர்களுக்கு நெஞ்சில் என்ன வேலை?

நான் லேசில் யாரையும் நம்புகிறவள் இல்லை. நாங்கள் குடியேறிய சட்டன் ஊரில் இவர் மீன் வாங்கி வந்தாலும் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் வெட்டுவேன். இங்கேயோ, காலையிலிருந்து மூன்று தரம் இரத்தம் எடுத்துவிட்டார்கள். டொக்டர் தாதியோடு குசுகுசுக்கிறார். நான் கிட்டப் போனதும் பேச்சு நிற்கிறது. மயக்க மருந்தைக் கூட்டிக் கொடுத்துவிட்டார்கள், இப்போது மூடி மறைக்கிறார்கள் என்று முடிவே கட்டிவிட்டேன்.

தாதி மயூரா எங்கள் ஆட்களின் பிள்ளை. அது இன்னும் ஆபத்து. இங்கே வாய் திறந்தால் வெள்ளிக்கிழமை கோயிலில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

“அன்ரி, ஒப்பரேசனோட அங்கிளின்ர இதயத் தசையில காயம் வந்திருக்கு. இரத்தத்தில தெரியுது,” என்றாள்.

“சும்மா கதை விடாதையும் பிள்ளை. நெஞ்சு நோகேல்லை எண்டுறாரே!”

“கனபேருக்கு நோகாமலேதான் வாறது. அதாலதான் திரும்பத் திரும்ப இரத்தம் எடுக்கிறம். ஏன் வந்தது எண்டு டொக்டர் யோசிக்கிறார்.” கையிலிருந்த தாளைப் பார்த்தாள். “நெஞ்சுத் துடிப்பைக் குறைக்கிற குளிசையை ஒரு நாளும் விடேல்லைத்தானே? நீங்கள் தந்த எல்லாம் போட்டவராம்.”

அந்த வெள்ளைக் குளிசை!

பார்க்கிங் என்ற ஊரில் இருக்கும் மச்சாள் றொசாந்தி ஒப்பரேசனுக்கு முன்னம் போனில் சொன்னவள்: “எங்கட இவருக்கு ஒப்பரேசனுக்கு ஒரு கிழமைக்கு முன்னமே குளிசையை நிப்பாட்டினவை. நீங்களும் நிப்பாட்டுங்கோ.” அவள் கணவர் போடுவது இரத்தத்தை இளக்கும் வேறு குளிசை என்பது இப்போதுதான் எனக்கு உறைத்தது. வழக்கமான குளிசைகளை விடவேண்டாம் என்று ஆஸ்பத்திரிக் கடிதத்தில் எழுதித்தான் இருந்தது. அதை நான் நம்பவில்லை. மாத்திரைப் பெட்டியிலிருந்து ஏழு வெள்ளைக் குளிசைகளைப் பொறுக்கி வீசியது இந்தக் கைதான்.

பேசாமல் இருந்துவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் காரணம் தெரியாமல் டொக்டர் இவருக்கு வேறு என்னவெல்லாம் செய்வாரோ!

“பிள்ளை, நான்தான் நிப்பாட்டினனான். ஒரு கிழமை. ஓடிப்போய் டொக்டரிட்டச் சொல்லும்.”

மயூரா என்னைத் திட்டவில்லை. எந்த நாளிலிருந்து என்று கேட்டுக் குறித்துக்கொண்டு வேகமாகப் போனாள். கட்டிலில் கிடந்த இவரை நிமிர்ந்து பார்க்க எனக்கு முகமில்லை.

“எனக்குத் தெரியும்,” என்றார் இவர். “பெட்டியில வெள்ளைக் குளிசை இல்லை எண்டு நிப்பாட்டின முதல் நாளே கண்டனான்.”

“ஐயோ, பிறகேனப்பா என்னட்டக் கேக்கேல்லை?”

“உம்மைச் சந்தேகப்பட்டு எனக்குப் பழக்கமில்லையே.”