மஸ்கட்டுக்குப் போன கேசட்

அந்த வியாதியின் பேரை நோயாளி வீட்டு வாசல்படிக்கு உள்ளே சொல்லக் கூடாது. இந்த ஊழியத்துக்கு வந்த அன்றைக்கே சகாயசெல்வி கற்றுக்கொண்ட பாடம் அது. தெருமுனையில் பேசலாம், டீக்கடையில் பேசலாம், பஸ்ஸில் வரும்போது டாக்டர் சொன்னதையெல்லாம் ஒப்பிக்கலாம். படி தாண்டிவிட்டால் 'கட்டி', 'புண்ணு', 'உள்சூடு' என்று எதையாவது சொல்லிக்கொள்ள வேண்டியதுதான். படுத்திருப்பவரைத் தவிர ஊருக்கே விஷயம் தெரிந்திருக்கும். கேட்டால், "தெரிஞ்சா மனசு விட்ருவாகம்மா" என்பார்கள். சகாயசெல்விக்கும் அதில் நம்பிக்கை இருந்தது. அவளுடைய சொந்த அக்காவையே அப்படித்தான் வைத்திருந்து அனுப்பினார்கள்.

அவளுக்கு டெலிபோன் ஆபீசில் வேலை. ஷிப்ட் இல்லாத நேரமெல்லாம் திண்டுக்கல் பேகம்பூரில் அப்பாஸ் பாய் மளிகைக் கடை மாடியில்தான் இருப்பாள். 'துணைக்கரம்' என்ற அவர்களுடைய அமைப்புக்குத் தலைமையிடம், கிளை, கிடங்கு எல்லாமே அந்த ஒரே அறைதான். பஞ்சு, டெட்டால், வலி மாத்திரை எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு கிராமம் கிராமமாகப் போவாள். ஜனங்கள் அவளை 'சிஸ்டர்' என்றார்கள். அவள் நர்ஸும் இல்லை, கன்னியாஸ்திரியும் இல்லை. சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் விட்டுவிட்டாள்.

மருந்துக்குப் பணம் மஸ்கட்டிலிருந்து வந்தது. ஊரில் இருக்கிறவன் ஊரைத் திட்டுவான். ஊரை விட்டுப் போனவன்தான் அதை நினைத்து உருகுவான். அங்கே இருந்த திண்டுக்கல்காரர்கள் ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். வருஷத்துக்கு ஒரு தரம் மண்டபம் பிடித்து, சீரகச் சம்பாவில் பிரியாணி ஆக்கி, தட்டுத் தட்டாக ஏலம் விட்டு, வந்ததைப் பேகம்பூர் மாடிக்கு அனுப்பி வைப்பார்கள். அதற்கெல்லாம் முன்னே நிற்பவர் மிக்கேல்ராஜ். நாகல்நகரில் பிறந்தவர், இருபது வருஷமாக அங்கே கட்டடக் கம்பெனியில் சூப்பர்வைசர். தங்கமான மனுஷர். இந்தக் கதையில் பெரிய கஷ்டமே அதுதான். திட்டித் தீர்க்க ஒரு கெட்டவன்கூடக் கிடையாது.

அய்யம்மாளுக்கு ஆத்தூர்ப் பக்கம். புருஷன் பொன்னுத்துரைக்கு ஒரு கிணறு, கொஞ்சம் மல்லிகை, கொஞ்சம் கனகாம்பரம். திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் அவருக்கு ஒரு பேர் உண்டு: நேற்றுப் பூவை நேற்றுப் பூ என்று சொல்லி விற்கிற ஒரே ஆள். பிழைக்கத் தெரியாதவர் என்று சொல்லிச் சிரித்தவர்கள் எல்லாம் தங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு அவரிடம்தான் பூவுக்குச் சொன்னார்கள். அய்யம்மாளுக்குக் கர்ப்பப்பையில் வந்தது. மதுரையில் காட்டி, கதிர் பாய்ச்சுகிற கரண்ட் எல்லாம் வைத்துப் பார்த்துவிட்டு, இனிமேல் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். பொன்னுத்துரை பெண்டாட்டியிடம், "உள்ள புண்ணுதான். கரண்டு வச்சதுல காஞ்சுக்கிட்டு வருது. நாளாகும், ஆறிரும்" என்றார். அவள் நம்பினாள். சொன்னது அவராயிற்றே.

சகாயசெல்வி முதல் தடவை போனபோது, அவர் அவளைக் கிணற்றடிக்குக் கூட்டிக்கொண்டு போனார்.

"சிஸ்டரு, உங்ககிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறேன். அவளப் பொழைக்க வைங்கன்னு கேக்கல. போற வரைக்கும் அவளுக்குத் தெரியக் கூடாது. கட்டுன நாள்ல இருந்து அவகிட்ட நான் ஒரு பொய் சொன்னதில்ல. இந்த ஒண்ணச் சொல்லிட்டேன். இது நிக்கணும்."

"எங்க வாயில இருந்து வராதுண்ணே" என்றாள் சகாயசெல்வி. மனசாரத்தான் சொன்னாள்.

பொய் வேலை செய்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும். அய்யம்மாள் வலிக்கு நடுவிலும் மகள் தீபாவை வேலை வாங்கினாள். தை பிறக்கட்டும், அவளுக்கு மாப்பிள்ளை பார்க்கணும் என்றாள். புருஷன் வெஞ்சனத்துக்கு உப்புப் போட்டிருக்கும் அழகைப் பற்றிக் கேலி பேசினாள். பூ எடுத்துவிட்டு அவர் வந்ததும் கட்டிலோரம் உட்கார்ந்து மார்க்கெட் கதையெல்லாம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அவளுக்குப் பொழுது போகாது. அந்த வீட்டுக்குப் போய்விட்டு வரும் நாளில் மட்டும் சகாயசெல்விக்கு ராத்திரிச் சோறு இறங்கும்.

அந்த வருஷம் மஸ்கட்டில் ஏலம் மந்தமாகிவிடும் போல இருந்தது. மிக்கேல்ராஜ் போனில் கூப்பிட்டார். "சிஸ்டர், சும்மா கணக்குச் சொன்னா ஜனங்க காசு எடுக்க மாட்டேங்குறாங்க. நாலு பேரு பேசுற மாதிரி ஒரு வீடியோ எடுத்து அனுப்புங்க. முகத்தப் பாத்தா மனசு எளகும்."

மற்ற வீடுகளில் முகம் காட்டச் சம்மதிக்கவில்லை. அய்யம்மாளுக்குக் கல்யாண வீடியோவில்கூட நின்ற பாக்கியம் கிடையாது, ஆசையாகச் சம்மதித்தாள். ஆஸ்பத்திரி உதவிக்காக எடுக்கிறோம் என்று மட்டும்தான் சொன்னார்கள். கல்யாண வீடியோ எடுக்கும் ஒச்சப்பன் கேமராவோடு வந்தான். அவள் பட்டுச் சேலை கட்டி, சொந்தத் தோட்டத்து மல்லிகையை வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"பயமா இருக்காக்கா?" என்று கேமராவுக்குப் பின்னால் இருந்து சகாயசெல்வி கேட்டாள்.

"எனக்கென்ன பயம் தாயி? எங்க வீட்டுக்காரரு ஒரு பொய் சொல்லத் தெரியாத மனுசன். யாவாரத்துலயே சொல்ல மாட்டாரு. அவரு ஆறிரும்னு சொல்லிட்டாரு. டாக்டரு சொன்னாக்கூட நான் நம்ப மாட்டேன், அவரு சொன்னா நம்புவேன்." சொல்லிவிட்டு வெட்கப்பட்டுச் சிரித்தாள்.

பிறகு பொன்னுத்துரையைத் தனியாகக் கிணற்றடியில் நிற்க வைத்து எடுத்தார்கள். கேமராவைப் பார்த்ததும் அவருக்கு என்ன ஆயிற்றோ, யாரிடமும் கொட்டாததை எல்லாம் கொட்டினார். கேன்சர் என்றார். இந்த ஆடி தாண்டாது என்று மதுரையில் சொல்லிவிட்டார்கள் என்றார். துண்டை வாயில் பொத்திக்கொண்டு அழுதார். படி தாண்டி வராத சொல், கடல் தாண்டிப் போகத் தயாராகிவிட்டது. சகாயசெல்விக்கு உறுத்தத்தான் செய்தது. போவது மஸ்கட்டுக்கு, அதை யார் இங்கே தூக்கிக்கொண்டு வரப் போகிறார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டாள். அந்த அம்மாளுக்கு விஷயம் தெரியாது என்று மிக்கேல்ராஜிடம் ஒரு வார்த்தை சொல்லிவைக்க அவளுக்குத் தோன்றவே இல்லை. நம்ம ஊர்க்காரர், இதையெல்லாமா சொல்ல வேண்டும்? ஆனால் இருபது வருஷம் ஒருத்தர் அந்நிய தேசத்து ஆஸ்பத்திரிகளைப் பார்த்துப் பழகினால், நோயாளிக்கு நோய் தெரிந்திருக்கும் என்றுதான் நினைப்பார்.

மண்டபத்தில் கேசட்டைப் போட்டார்களாம். பெண்டாட்டி பேசி முடித்ததும் புருஷன் பேசுகிற மாதிரி சேர்த்திருந்தார்கள். பிரியாணித் தட்டைக் கீழே வைத்துவிட்டு ஆம்பிளைகள் எல்லாம் அழுதார்களாம். இதற்கு முன் அப்படி ஒரு வசூல் ஆனதில்லை. அந்தப் பணத்தில் அய்யம்மாளுக்கு நல்ல வலி மாத்திரை வந்தது, இன்னும் பல வீடுகளுக்கும் போனது. ஒவ்வொரு தடவையும் அய்யம்மாள் மறக்காமல் கேட்பாள்: "எம் படம் எப்ப தாயி வரும்? நான் எப்படி இருக்கேன்னு பாக்கணும்ல?"

"வருங்கா, வரும்" என்று சகாயசெல்வி பேச்சை மாற்றிவிடுவாள்.

சித்திரை கடைசியில் மிக்கேல்ராஜ் லீவில் வந்தார். வந்த கையோடு ஆபீசுக்குப் போன் பண்ணி, "நாளைக்கு அய்யம்மாள் அக்காவப் பாத்துட்டு வரலாம்னு இருக்கேன்" என்றார். அவளுக்கு மத்தியானம் வரை ஷிப்ட். முடித்துவிட்டு பஸ்ஸில் வந்து சேர்ந்துகொள்வதாகச் சொன்னாள். கேசட்டைப் பற்றி அவரும் சொல்லவில்லை, அவளும் நினைக்கவில்லை.

அவள் பஸ்ஸை விட்டு இறங்கி வரப்பில் நடந்தபோது, பொன்னுத்துரை எதிரே வந்தார். முகத்தில் சந்தோஷம். "மஸ்கட்டுக்காரரு வந்துருக்காரும்மா. சேலை, சோப்பு, என்னென்னமோ கொண்டாந்துருக்காரு. நான் எளநி வெட்ட வந்தேன். அவரு தெருவையே கூட்டி வச்சுப் பேசிக்கிட்டு இருக்காரு." அப்படியே குரலைத் தாழ்த்தி, வலி மாத்திரை முன்னைப்போலக் கேட்க மாட்டேன் என்கிறது, அளவைக் கூட்டலாமா என்றார். அவள் பதில் சொல்ல வாயெடுக்கும்போது வீட்டிலிருந்து ஒரு குரல் சத்தமாகக் கேட்டது. "பயமா இருக்காக்கா?" சகாயசெல்வியின் சொந்தக் குரல்.

அய்யம்மாள் கேட்டிருக்கிறாள், எம் படம் கொண்டாந்தீகளா அப்பு என்று. மிக்கேல்ராஜுக்குப் பூரிப்பு. அதற்காகத்தானே கேசட் போடும் டெக்கையே காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். வீட்டிலிருந்த கறுப்பு வெள்ளை டி.வி.யில் மாட்டிப் போட்டுவிட்டார்.

இரண்டு பேரும் ஓடினார்கள். அறையில் கால் வைக்க இடமில்லை. வாசலில் நின்றவர்களை விலக்கிக்கொண்டு சகாயசெல்வி தலையை நீட்டியபோது, டி.வி.யில் அய்யம்மாள் வெட்கப்பட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். கட்டிலில் இருந்த அய்யம்மாளும் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அடுத்து பொன்னுத்துரை முகம் வந்தது. கேன்சர் என்றது.

ஒருவரும் அசையவில்லை. டெக்கை நிறுத்தத் தெரிந்தவர் மிக்கேல்ராஜ் ஒருத்தர்தான், அவரோ கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். தெருவே தலையைக் குனிந்தது. சகாயசெல்வி ஆட்களை மிதித்துக்கொண்டு போய் வயரைப் பிடுங்கினாள். அதற்குள் ஆடி தாண்டாது என்பதையும் சொல்லிவிட்டிருந்தது.

அய்யம்மாள் டி.வி.யைப் பார்க்கவில்லை. குனிந்திருந்த தலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"உங்க எல்லாருக்குமே தெரியுமா?" என்றாள்.

மிக்கேல்ராஜ் ஒன்றும் விளங்காமல் சகாயசெல்வியைப் பார்த்தார். விளங்கியதும் வெளியே போய் காருக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

அன்றிலிருந்து அய்யம்மாள் புருஷனோடு பேசவில்லை. சண்டை போட்டிருந்தால் தேவலை. அவர் பாலை ஆற்றிக் கொடுத்து, "சூடு கம்மிதான், குடி" என்றால், "தீபா, சூடா இருக்கான்னு பாரு" என்பாள். மழை வருது என்று அவர் சொன்னால் மகளை வெளியே போய்ப் பார்த்துவரச் சொல்வாள். மார்க்கெட் கதை சொல்ல அவர் கட்டிலோரம் உட்கார்ந்தால் கண்ணை மூடிக்கொள்வாள். தை பிறப்பதைப் பற்றியும் மாப்பிள்ளையைப் பற்றியும் பேச்சே இல்லை.

சகாயசெல்வி ஒருநாள் துணிந்து ஆரம்பித்தாள். "அக்கா, அண்ணே உங்க மேல இருக்க பாசத்துலதான…"

"பாசம் இல்லைன்னு யாரு சொன்னா? நான் சாகப்போறத கடலுக்கு அந்தாண்ட இருக்கவுகளுக்குச் சொல்லி அழுதுருக்காரு. பக்கத்துல படுத்துருக்கவகிட்ட அழுகல. நானும் கூடச் சேந்து அழுதுருப்பேன்ல?" வலிக்கு ஒருக்களித்துப் படுத்துக்கொண்டாள். "அவர மட்டும் சொல்லல. நீயும் என் கையப் பிடிச்சுக்கிட்டு ஆறிரும்னுதான தாயி சொன்ன?"

சகாயசெல்வி பஞ்சும் துணியும் மாற்றிவிட்டு எழுந்து வந்தாள். வரப்பில் நின்று அழுதாள். வேறென்ன செய்ய?

டாக்டர் சொன்னது தப்பவில்லை. ஆடியில் போய்ச் சேர்ந்தாள். கடைசித் தண்ணியைப் புருஷன் எடுத்துக்கொண்டு வந்தபோது உதட்டை இறுக்கிக்கொண்டாள். தீபா ஊற்றியது உள்ளே போனது.

புரட்டாசி வாக்கில் மஸ்கட்டிலிருந்து போன் வந்தது. மிக்கேல்ராஜ் விலகிவிட்டாராம், பேசியவர் புது ஆள். போன தடவை மாதிரியே உருக்கமாக ஒரு கேசட் வேண்டும் என்றார். அலமாரியில் இருந்த மாத்திரை டப்பாக்கள் காலியாகிக்கொண்டு வந்தன. சகாயசெல்வி பார்க்கலாம் என்று சொல்லி வைத்துவிட்டாள்.

அந்த வாரமே பொன்னுத்துரை பேகம்பூர் மாடிக்கு ஏறி வந்தார். ஆளே பாதியாகியிருந்தார். கையில் ஒரு பொட்டலம் மல்லிகை. "நேத்துப் பூதாம்மா" என்று சொல்லி மேஜையில் வைத்தார்.

"அந்தக் கேசட்டு இங்க ஒண்ணு இருக்கும்ல? அத எனக்குக் குடுங்க."

"எதுக்குண்ணே? அதப் பாத்தா உங்களுக்குத் தாங்குமா?"

"ஒச்சப்பன்கிட்டச் சொல்லி நான் பேசுறத மட்டும் அழிக்கச் சொல்லணும். அவ சிரிக்கிறாள்ல, அதோட நின்னுறணும்."

சகாயசெல்வி எடுத்துக் கொடுத்தாள். அவர் அதை வாங்கி வேட்டி நுனியால் தூசியைத் துடைத்தார்.

"வேற எங்கயும் இல்லம்மா" என்றார். "இதுல மட்டுந்தான் அவ இன்னும் என்னைய நம்புறா."