ஊமை ரேடியோ

சாயந்திரம் ஆனால் குருசுக்குப்பத்தில் அந்தத் தெருவே பாவாடை வீட்டு ரேடியோவுக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொள்ளும். பிரெஞ்சுக் கப்பலில் பாதி ஆயுள் கரி அள்ளிப் போட்டவர் பாவாடை. இஞ்சின் அறை இரைச்சல் அவர் காதில் முக்கால்வாசியைத் தின்றுவிட்டது. கூட வேலை பார்த்த சிநேகிதர் எதுவாருக்கும் அதே கதிதான். எதுவார் வந்ததும் இருவரும் ரேடியோப் பெட்டியை முழுச் சத்தத்தில் வைத்து, காதை அதன்மேல் சாய்த்து, இலங்கை வானொலியில் தமிழ்ப் பாட்டுக் கேட்பார்கள்.

"சைகோன்ல நங்கூரம் போட்டிருந்தப்ப, ரேடியோல தமிழ்க் கொரல் கேட்டு கரிக்கையோட மேல ஓடியாந்தமே, நெனப்பிருக்கா?" என்று பாவாடை கத்துவார்.

"நான்தான்டா மொதல்ல ஓடியாந்தேன். ஒனக்கு அப்பவே காது மந்தம்!" என்பார் எதுவார்.

யார் பெரிய செவிடு என்ற இந்தச் சண்டை இல்லாமல் அவர்களுக்குப் பொழுது போகாது.

பாவாடையின் மகள் அஞ்சலாட்சிக்குத்தான் தலைவேதனை. பக்கத்து வீட்டுக் குஞ்சம்மாள் வாசலில் நின்று, "செவிட்டுக் கெழவனுங்களுக்குப் பாட்டு ஒரு கேடா?" என்று கத்திவிட்டுப் போனாள். மானம் போகிறதே என்று அஞ்சலாட்சி ரேடியோக்காரனைக் கூப்பிட்டு ஸ்பீக்கர் கம்பியை அறுக்கச் சொன்னாள். விளக்கு எரியும், முள் நகரும், சத்தம் மட்டும் வராது. இவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது என்று நினைத்தாள்.

அன்று பாவாடை குமிழைத் திருகினார். இன்னும் திருகினார். ஓரக்கண்ணால் எதுவாரைப் பார்த்தார். எதுவார் பாட்டை ரசிப்பவர்போலத் தலையை ஆட்டினார். உடனே பாவாடை தொடையில் தாளம் போட்டார். அஞ்சலாட்சி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

மறுநாள் சாயந்திரம் எதுவார் வரவில்லை. அடுத்த வாரம் முழுக்கவும் இல்லை. பாவாடை சோறு போட்டால் தின்றார்; ரேடியோப் பக்கமே போகவில்லை. அஞ்சலாட்சி எதுவார் வீட்டுக்கே போனாள்.

"அப்பாவுக்கு சுத்தமா காது போயிடுச்சாம்க்கா," என்றாள் எதுவாரின் மகள் மிரேய். "பாவாடை மாமாவுக்கு நல்லா கேக்குதாம், தாளம் போடறாராம். இவருக்கு மட்டும் ஒண்ணுமே கேக்கலியாம். யார் கூப்ட்டாலும் செவுத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கறாரு."

"மாமா, கம்பிய அறுத்தது நான்தான்!" என்று அஞ்சலாட்சி அவர் காதருகே கத்தினாள். எதுவார் கண்ணைக்கூடத் திறக்கவில்லை. போ என்று கையை மட்டும் அசைத்தார்.

வீட்டுக்கு வந்தவள் ரேடியோக்காரனைக் கூப்பிட்டுக் கம்பியை மறுபடி சேர்க்கச் சொன்னாள். ரேடியோ அலறியது. பாவாடை திடுக்கிட்டுத் திரும்பினார். அவர் முகத்துக்கு நேரே உட்கார்ந்து, வாயசைவு புரியும்படி நடந்ததையெல்லாம் சொல்லி அழுதாள்.

"அவன் தலைய ஆட்டனானே," என்றார் பாவாடை. "எனக்குத்தான் காது போயிடுச்சின்னு நெனச்சி, அவன் சிரிப்பானேன்னு தாளம் போட்டேன். அந்தத் தாளத்தப் பாத்துதானா அவன் படுத்துட்டான்?"

ரேடியோவை அணைத்துவிட்டுச் சட்டையை மாட்டினார். அஞ்சலாட்சி பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனாள். எதுவார் வீட்டு வாசலில் அவர் நின்று மகள் பக்கம் திரும்பினார்.

"காத இஞ்சின் தின்னுச்சி, அதப் பொறுத்துக்கினோம். எங்களுக்கு மிச்சமிருந்தது அவனுக்கு நான், எனக்கு அவன். அதத் தின்னது நீம்மா. காது கேக்காதவனுக்கு மனசும் இருக்காதுன்னு மட்டும் இனிமே யாரப் பத்தியும் நெனைக்காத."