இர்மாவுக்காக ஒரு மசோதா

பன்னிரண்டு வருடமாக எம்.பி. டிட்மரின் நெப்ராஸ்கா அலுவலகத்தில் மனு வாங்குவது என் வேலை. பென்ஷன் நின்றவர், பாஸ்போர்ட் வராதவர், நாடு கடத்தும் உத்தரவு வந்தவர் எல்லோரும் என் மேசைக்குத்தான் வருவார்கள். கடைசி வகையிடம் மட்டும் கையை விரித்துவிடுவேன். அந்த உத்தரவுகளைக் கடுமையாக்க ஓட்டுப் போட்டவர் டிட்மர். அதைச் சொல்லியே ஐந்து தடவை ஜெயித்தவர்.

அவரே ஒரு நாள் காலையில் வந்து, "டோரீன், இர்மாவுக்கு ஒரு தனி மசோதா போடணும்" என்றார்.

இர்மா குவாத்தமாலாக்காரி. முன்னாள் ராணுவத்தினர் விடுதியில் மூன்று வருடம் டிட்மரின் அப்பாவுக்குச் சோறூட்டி, கால் கழுவி, கடைசி மூச்சுவரை கூட இருந்தவள். நாடு கடத்தும் உத்தரவு இருந்தும், வருடா வருடம் குடியேற்றத் துறையில் கையெழுத்துப் போட்டுத் தங்கியிருந்தவளிடம், இந்த வருடம் ஊருக்கு விமான டிக்கெட் எடுக்கச் சொல்லிவிட்டார்கள்.

தனி மசோதா என்றால் ஒரே ஒரு ஆளுக்காக எழுதும் சட்டம். பெரும்பாலும் நிறைவேறாது. ஆனால் அந்த ஆளைப் பற்றி நாடாளுமன்றக் கமிட்டி ஓர் அறிக்கை கேட்டுவிட்டால், மசோதா கிடப்பில் கிடக்கும்வரை துறை ஆளைத் தொடாது.

இர்மா தன் அக்கா ஒடிலியாவையும் கூட்டிக்கொண்டு வந்தாள். இருவரும் ஒரே நாளில் எல்லை ஆற்றைக் கடந்து வந்தவர்கள். ஒரே நீதிபதி, ஒரே தேதியில், இருவருக்கும் உத்தரவு போட்டிருந்தார். ஒடிலியா கோழி ஆலையில் வேலை செய்து தங்கையைப் படிக்கவைத்தவள். ஆறு வருடத்துக்கு முன்பு பயந்துபோய் கையெழுத்துப் போடுவதை நிறுத்திவிட்டாள். அவள் எங்கே இருக்கிறாள் என்பது துறைக்குத் தெரியாது.

"மேடம், ரெண்டு பேரையும் சேத்துப் போடக்கூடாதா? ரெண்டும் ஒரே கேஸ்தானே" என்றாள் இர்மா.

"சும்மா இருடி," என்று ஒடிலியா சிரித்தாள். "நான் வெட்டின கோழில ஒண்ணுகூட எம்.பி.யோட அப்பா இல்லையே."

நான் டிட்மரிடம் கேட்டுப் பார்த்தேன்.

"ஒண்ணு போட்டா இரக்கம்பாங்க. ரெண்டு போட்டா, ஆளு மாறிட்டான்பாங்க."

"ரெண்டு பேருக்கும் ஒரே உத்தரவு, சார்."

"அந்த அக்காவை எனக்குத் தெரியாதே, டோரீன்."

கூச்சமே இல்லாமல் சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தெரிந்தவளுக்கு ஒரு சட்டம், தெரியாதவளுக்கு ஒரு சட்டமா? சரி, தெரியவைக்கிறேன் என்று வீம்பாக உட்கார்ந்தேன். மசோதாவோடு போகும் விளக்கக் கடிதத்தில் ஒடிலியாவை முழுசாக எழுதினேன். பதினான்கு வருடக் கோழி ஆலை, மரத்துப்போன விரல்கள், இங்கேயே பிறந்த இரண்டு பெண் குழந்தைகள், தங்கையோடு ஒரே வீட்டில் வாழ்க்கை. படிக்கிற ஒருவருக்காவது இவளையும் காப்பாற்ற வேண்டும்தானே என்று தோன்றாதா என்ற நப்பாசை. இர்மா என்னை நம்பிப் படிக்காமலே கையெழுத்துப் போட்டாள். டிட்மர், "கண்ணு கலங்கிடுச்சு, அப்படியே அனுப்பு" என்றார்.

கமிட்டி அறிக்கை கேட்டது. கேட்டது யாரிடம்? ஆள் பிடிக்கிற அதே துறையிடம். பன்னிரண்டு வருடமாக அவர்களுக்குக் கடிதம் எழுதும் எனக்கு இது தெரியாதா? தெரியும். என் எழுத்தின் அழகில் மறந்துபோனேன்.

விசாரிக்க இரண்டு அதிகாரிகள் இர்மா வீட்டுக்குப் போனார்கள். மரியாதையாகப் பேசினார்கள். காபிகூடக் குடித்தார்கள். பிறகு ஒருவர் கடிதத்தைப் புரட்டிவிட்டு, "இங்க ஒரு அக்கா இருக்கறதா எழுதியிருக்கே, அவங்களைக் கொஞ்சம் கூப்பிடுங்க" என்றார். ஒடிலியா ஈரக் கையோடு சமையலறையிலிருந்து வந்தாள். பத்தொன்பதாம் நாள் குவாத்தமாலாவில் இறக்கிவிட்டார்கள்.

இர்மா என் மேசைக்கு வந்தாள். அக்காவின் பெண்கள் இருவரும் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள்.

"மசோதாவ வாபஸ் வாங்கிடுங்க."

"வாங்கினா நீயும் போகணும், இர்மா. அக்கா திரும்பி வரமாட்டாங்க."

"அப்ப இதுங்கள யாரு பாத்துப்பா?"

பெஞ்சைப் பார்த்தவள் என் பக்கம் திரும்பினாள்.

"அக்கா பேர அதுல எழுதுனது யாரு?"

"நான்தான்."

அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். அவளால் முடியாது. இரண்டு வருடத்தில் சபையின் காலம் முடியும்போது இந்த மசோதாவும் செத்துவிடும். புதிதாகப் போட மறுபடி என்னிடம்தான் வர வேண்டும். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அடுத்த மாதம் விடுதியில் போட்டோ எடுத்தார்கள். டிட்மர் அவள் தோளில் கை போட்டு, "சிரி, இர்மா! உன்னக் காப்பாத்திட்டோம்ல?" என்றார். அவள் சிரித்தாள்.

"நன்றியெல்லாம் டோரீனுக்குச் சொல்லு. அந்தக் கடிதம் அவ கைவண்ணம்."

எல்லோரும் கைதட்டினார்கள். இர்மா வந்து என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"ரொம்ப நன்றி, மேடம்" என்றாள்.