ஒன்பது தையல் மிஷினும் ஒரு சொம்புத் தண்ணீரும்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. ஒரே ஒரு சொல் பொய்யாக இருந்தாலும், திருக்கழுக்குன்றத்து மலையில் உச்சிவேளைக்குச் சர்க்கரைப் பொங்கல் சாப்பிட வரும் கழுகுகள் இரண்டும் நாளை முதல் வராமல் போகட்டும். செங்கல்பட்டு வட்டாரத்தில் இதைவிடப் பெரிய சத்தியம் கிடையாது.

மாமல்லபுரத்தில் கடற்கரைக்கு இறங்கும் ஒரு சந்தில் சைனம்பு காலை எட்டு மணிக்குக் கடை போடுவாள். சோழி மாலை, சங்கு, கிளிஞ்சல் ஒட்டிய கண்ணாடி என்று ஒரு பலகை நிறையப் பரப்புவாள். அந்தப் பலகையை நான்கு மூலையிலும் நான்கு தையல் மிஷின்கள் தாங்கி நின்றன. பக்கத்தில் மாங்காய்ப் பத்தை விற்கும் கன்னியம்மாவின் பலகைக்கு இரண்டு. எதிரே வேர்க்கடலை வறுப்பவளின் அடுப்புக்குக் காற்று மறைக்க ஒன்று. மிச்சம் இரண்டில் ஒன்றின் மேல் கருவாடு காயும், இன்னொன்றில் குடையைக் கட்டியிருந்தார்கள். ஆக ஒன்பது. எல்லாமே சைனம்புவுக்கு மேடையேற்றி, மாலை போட்டுக் கொடுத்தவை.

கொடுத்தது செங்கை மங்கையர் சேவைச் சங்கம். நாற்பத்தோரு நாடுகளில் அதற்குச் சகோதரச் சங்கங்கள் உண்டு. தலைவி ருக்மிணி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. வருஷந்தோறும் மகளிர் தினத்தன்று ஓர் ஏழைப் பெண்ணுக்கு ஒரு தையல் மிஷின் என்பது சங்கத்தின் வழக்கம். முதல் வருஷம் சைனம்பு மிஷினைத் தொட்டுக்கொண்டு, கண்ணில் நீர் தளும்ப நின்ற படம் நாற்பத்தோரு நாட்டுக்கும் போயிற்று. பார்த்தவர்கள் எல்லாம் உருகிவிட்டார்கள். இவ்வளவு பொருத்தமான ஏழை இனி அமைய மாட்டாள் என்று, அடுத்த வருஷமும் அவளையே கூப்பிட்டார்கள். அதற்கடுத்த வருஷமும்.

கண்ணில் நீர் வந்ததற்குக் காரணம் வேறு. மேடையில் வரவேற்புரை, சிறப்புரை, வாழ்த்துரை என்று மூன்று மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். எங்கே போவது, யாரைக் கேட்பது என்று தெரியவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அந்த நேரத்தில்தான் படம் எடுத்தார்கள்.

சைனம்புவுக்குச் சோழிக்கு நூல் கோக்கத் தெரியும், துணி தைக்கத் தெரியாது. ஆனால் ருக்மிணி டீச்சர் ஒவ்வொரு வருஷமும் ஒரே ஒரு கேள்விதான் கேட்பார்: "சந்தோஷமாம்மா?" அதற்கு ஒரே ஒரு பதில்தான் உண்டு: "சந்தோஷம் டீச்சர்."

சந்தோஷம் இல்லாத விஷயம் ஒன்று இருந்தது. அந்தச் சந்தில் பதினான்கு பெண்கள் கடை போட்டிருந்தார்கள். சுற்றுவட்டாரத்தில் பெண்களுக்கென்று ஒரு கழிப்பறை கிடையாது. ஆகவே காலையில் கடை திறந்தால் இரவு வீடு திரும்பும்வரை அவர்கள் தண்ணீர் குடிப்பதில்லை. இருபது வருஷம் அப்படியே இருந்ததில் சைனம்புவுக்கு விலாவில் வலி வந்தது. செங்கல்பட்டில் ஒரு டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார்.

"கல்லு இருக்கும்மா. ஒரு கிட்னி பாதிதான் வேலை செய்யுது. தினம் மூணு லிட்டர் தண்ணி குடிக்கணும். இன்னொரு கோடைய இப்படியே ஓட்டினீங்கன்னா, வாரத்துக்கு மூணு நாள் டயாலிசிஸ் மிஷின்லதான் படுக்கணும்."

"பத்தாவது மிஷினா?" என்றாள் சைனம்பு. டாக்டருக்குப் புரியவில்லை.

மறுநாள் கடையில் கன்னியம்மாவிடம் சொன்னாள்.

"இன்னாக்கா இது! ஊரு பூரா கல்லு செதுக்குறான். உனக்கு வவுத்துக்குள்ளயே செதுக்கிகினு கீறான் போல."

"சிரிக்க வெக்காதடி, வலிக்குது."

"பேசாம கடைய வுட்டுட்டு வூட்ல குந்து."

"வூட்ல குந்துனா தண்ணி குடிக்கலாம். சோறு யாரு போடுவா, உன் மாமியாரா?"

சைனம்புவின் வீடு பூஞ்சேரியில். ஒவ்வொரு தடவையும் ஷேர் ஆட்டோ பிடித்துப் போய்வந்தால் கடையின் இடத்தை யாராவது பிடித்துவிடுவார்கள். ஒன்று கடை, இல்லை உடம்பு. கோடை தொடங்க இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது.

அந்த வருஷ மகளிர் தினத்துக்கு கானா நாட்டுச் சகோதரச் சங்கத்தின் தலைவி எஃபுவா வந்திருந்தாள். அங்கே ஒரு கடற்கரைச் சந்தையில் மீன் விற்பவள். வாட்டசாட்டமான உடம்பு, அதைவிடப் பெரிய சிரிப்பு. பத்தாவது மிஷினைக் கடற்கரையிலேயே வைத்துக் கொடுப்பதென்று ஏற்பாடாகியிருந்தது. விருந்தினருக்கு ஐந்து நிர்வாகிகளும் ஆளுக்கொரு இளநீர் தங்கள் கையால் தருவது சங்கத்தின் மரபு. ஒன்றை மறுத்தாலும் அந்த நிர்வாகி அடுத்த தேர்தல்வரை பேச மாட்டார். எஃபுவா ஐந்தையும் குடித்தாள். வெயிலுக்கு உறுப்பினர்களும் ஆளுக்கு இரண்டு குடித்தார்கள்.

அரைமணி நேரத்தில் எஃபுவா, செயலாளர் விஷாகாவின் காதில் ஏதோ சொன்னாள். விஷாகாவின் முகமும் மாறியது. அவளுக்கும் அதே அவசரம்தான்.

எஃபுவா உட்பட ஒரே நிறப் பட்டுப்புடவையில் இருபத்து மூன்று பெண்கள் மாமல்லபுரத்தை ஒரு சுற்றுச் சுற்றினார்கள். ஏதோ ஊர்வலம் என்று வெளிநாட்டுக்காரர்கள் படம் எடுத்தார்கள். ஒரு ஹோட்டல் காவலாளி, ரூம் போட்டால்தான் உள்ளே விடுவேன் என்றார். ஒரு சிற்பக்கூடத்தில் இரக்கப்பட்டு, ஆளுயர யானைக்குப் பின்னால் இடம் காட்டினார்கள். அந்த யானையை நான்கு கால்களுக்கு நடுவே குடைந்து முடித்திருந்தார்கள், எதிர்ப்பக்கம் நன்றாகத் தெரிந்தது. கடைசியில் எல்லாரும் சைனம்பு கடைக்கே திரும்பி வந்தார்கள்.

"சைனம்பு," என்றார் ருக்மிணி டீச்சர். நெற்றியெல்லாம் வியர்வை. "நீங்கள்லாம் எங்கம்மா போவீங்க?"

பத்து வருஷத்தில் அவர் கேட்ட முதல் வேறு கேள்வி.

"போவ மாட்டோம் டீச்சர்."

"போகாம எப்படி?"

"குடிக்க மாட்டோம்."

விஷாகா அதை ஆங்கிலத்தில் சொல்ல வாயெடுத்தாள். தேவைப்படவில்லை. எஃபுவா பதினான்கு பெண்களின் வறண்ட உதடுகளையும் பார்த்துவிட்டாள். அந்த நேரத்தில் கடலில் இரண்டு அலைகள் வராமலே போயின. வேர்க்கடலைக்காரி சாட்சி.

சைனம்பு கடையைக் கன்னியம்மாவிடம் விட்டுவிட்டு ஒரு ஷேர் ஆட்டோவைக் கை காட்டினாள். இருபத்து நான்கு பேரும் அதில் ஏறினார்கள். பூஞ்சேரித் தடத்தில் இது ஒன்றும் பெரிய சங்கதி இல்லை.

அவள் வீட்டுக் கழிப்பறை வாசலில் வரிசை தெருமுனைவரை நின்றது. பதினேழாவதாக நின்ற ருக்மிணி டீச்சர், காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே கேட்டார்.

"கடைக்குக் கீழே நாங்க குடுத்த மிஷினெல்லாம் பார்த்தேன். ஒண்ணு மேல கருவாடு இருந்தது."

"நல்லா காயும் டீச்சர்."

"வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"மாலை போட்டுக் குடுக்கறவங்க மூஞ்சிக்கு நேரா எப்டி டீச்சர் சொல்றது? இன்னா வேணும்னு நீங்களும் கேக்கல."

முப்பது வருஷம் பிள்ளைகளைக் கேள்வி கேட்டே வாழ்ந்தவர் டீச்சர். வகுப்பில் கையைத் தூக்கி அனுமதி கேட்ட சிறுமிகளை, 'மணி அடிக்கட்டும், உட்காரு' என்று எத்தனை தடவை உட்கார வைத்திருக்கிறோம் என்று எண்ணிப் பார்த்தார். வரிசை நகரவே இல்லை. எண்ணுவதற்கு நிறைய நேரம் கிடைத்தது.

உள்ளே போய் வந்த எஃபுவா ஈரக்கையைச் சேலை முந்தானையில் துடைத்தபடி சொன்னதை விஷாகா தமிழில் சொன்னாள்: "அவங்க சந்தையிலயும் இதே கதைதானாம். அங்கேயும் முதல்ல மிஷின்தான் குடுத்தாங்களாம்."

அடுத்த வாரம் சங்கத்தின் இருபத்திரண்டு பேரும் சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு மனுவோடு போனார்கள். ஆளுக்கு ஒரு பெரிய பாட்டில் தண்ணீர். மனுவைக் கொடுத்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்து நிதானமாகக் குடித்தார்கள். பிறகு, "லேடீஸ் டாய்லெட் எங்க சார்?" என்று கேட்டார்கள். அங்கேயும் இல்லை. அன்று மாலையே கோப்பு நகர்ந்தது.

நாற்பத்தோரு நாட்டுச் சங்கங்களுக்கும் டீச்சர் ஒரே ஒரு கேள்வி எழுதினார்: 'உங்கள் ஊரில் வேலைக்குப் போகும் பெண்கள் பகலில் தண்ணீர் குடிக்கிறார்களா?' அதுவரை யாரும் விசாரித்ததில்லையாம். விசாரித்துவிட்டு வந்த பதில்களில் விஷாகாவின் செல்போன் சூடாகி, அதில் அவள் தோசை வார்த்தாள். தேயிலைத் தோட்டம், செங்கல் சூளை, மீன் துறைமுகம், தொழிற்சாலை என்று இடம்தான் மாறியது. பதில் மாறவில்லை. நாற்பத்தோரு ஊரிலும் வேலை தொடங்கிற்று.

கோடை உச்சத்துக்கு வருமுன் சந்தின் முனையில் கழிப்பறை எழுந்தது. சாவி பதினான்கு பெண்களிடமும் முறைவைத்துச் சுற்றியது. கொடுபடாமல் நின்ற பத்தாவதையும் சேர்த்துத் தையல் மிஷின்கள், கேட்டு வாங்கிய பத்துப் பெண்களுக்குப் போயின. திறப்பு விழாவில் ரிப்பன் வெட்டக் கத்தரிக்கோலை நீட்டினார்கள். சைனம்பு அதை வாங்கவில்லை. ஒரு சொம்புத் தண்ணீரைக் கேட்டு வாங்கி, நடுப்பகலில், அத்தனை பேர் பார்க்க, கடைசிச் சொட்டுவரை குடித்தாள். அவளைப் பார்த்து மற்றப் பதின்மூன்று பேரும் குடித்தார்கள். அன்று நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையை ஒரு ஷிப்ட் கூடுதலாக ஓட்ட வேண்டியிருந்தது.

மைக்கை அவளிடம் நீட்டினார்கள். "சந்தோஷமாம்மா?" என்று பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டு டீச்சர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

சைனம்பு உதட்டைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்: "சந்தோஷம் டீச்சர். ஆனா இனிமே யாருக்கு இன்னா குடுத்தாலும், குடுக்கறதுக்கு முன்னாடி அவள ஒரு வார்த்த கேளுங்க. கேக்காம குடுத்தா அது உங்க ஆசைக்குக் குடுக்கறது. கேட்டுட்டுக் குடுத்தாதான் உதவி."

கூட்டம் கைதட்டியது. கண்ணில் நீர் தளும்ப நின்றது இந்தத் தடவை ருக்மிணி டீச்சர். அவசரம் எதுவும் இல்லாமலே.

திருக்கழுக்குன்றத்து மலைக்குக் கழுகுகள் வருவது நின்று இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது.