குறட்டை விடும் பம்பு

லிஃப்ட் மெக்கானிக்குக்குக் காதுதான் சோறு போடும். எந்த மாடியில் எந்த பேரிங் தேய்ந்திருக்கிறது என்று கதவுக்கு வெளியே நின்றே சொல்லிவிடுவார் இவர். அப்பேர்ப்பட்ட காதுக்கு வீட்டில் இரண்டு மாதமாக வேலையே இல்லை. மனைவி போய்ச் சேர்ந்ததிலிருந்து வீடு மூச்சுப் பேச்சின்றிக் கிடந்தது. கட்டிலில் படுத்தால் பொட்டுத் தூக்கம் கிடையாது. போன வாரம் ஒரு லிஃப்டில் போல்ட்டை முடுக்க மறந்து, நல்ல வேளை, கிளம்பும்போது பார்த்துவிட்டார். இப்படியே போனால் யாரையாவது கொன்றுவிடுவோம் என்று பயம் வந்துவிட்டது.

"மீன் தொட்டி வாங்கி வைங்கப்பா, துணையா இருக்கும்" என்று வெளியூரிலிருக்கும் மகள் பட்டியலே எழுதி அனுப்பினாள். இரண்டடித் தொட்டி, கூழாங்கல், விளக்கு, ஃபில்டர், சத்தமில்லாத காற்று பம்பு. துணையாம், துணை. சாப்பிட்டீங்களா என்று மீன் வந்து கேட்குமா? முணுமுணுத்துக்கொண்டேதான் கடைக்குப் போனார்.

"முதல் தடவைன்னா சின்னத் தொட்டி வேணாம்ண்ணா, தண்ணி சீக்கிரம் கெட்டுரும்" என்றாள் கடைக்காரம்மா. "இந்த ரெண்டடியே சரி. தண்ணி ஊத்தி, எல்லாத்தையும் ஓட விட்டு, தண்ணி பக்குவமானதும், மூணு வாரம் கழிச்சு வாங்க. இன்னிக்கே மீன் கேட்டா தர மாட்டேன்."

"கெஞ்சினாலுமா?"

"கெஞ்சினாலும்தான். செத்து மிதந்தா பாவம் யாருக்கு?"

புது பம்பை ஓட்டிக் காட்டினாள். மூச்சு விடவில்லை அது. சரியென்று தலையாட்டித் திரும்பும்போதுதான் அவருக்குக் கேட்டது. மூலையில், சீக்கு மீன்களைத் தனியாக விட்டிருந்த தொட்டிக்குப் பின்னால் ஒரு பழைய பம்பு. கொர்ர்ர் என்று இழுத்தது, ஒரு நொடி நின்றது, புஸ்ஸென்று விட்டது, மறுபடி கொர்ர்ர். அவர் கிட்டே போய்க் குனிந்து காதைக் கொடுத்தார். முப்பது வருஷம் காதோரம் கேட்ட குறட்டை. 'ஊரையே எழுப்புறே' என்று தினமும் அவளைக் கிண்டலடித்த பாவி மனுஷன் இவர்தான்.

"அது வேணும்மா."

"ஐயோ, ரப்பர் தேஞ்சு போனதுண்ணா. காது புண்ணாயிரும்."

"புதுசை இங்க மாட்டிக்க. அதை எனக்குக் குடு."

அவள் ஒரு மாதிரி பார்த்தாள். வேறு வழியில்லாமல் சொன்னார்.

"என் வீட்டுக்காரி இப்படித்தான் குறட்டை விடுவா. இப்ப இல்ல."

அவள் பம்பைக் கழற்றித் துடைத்துக் கொடுத்தாள். "நாளைக்கே நின்னாலும் நின்னுரும்ண்ணா."

"அதை நான் பாத்துக்கறேன்."

மறுநாள் லீவு. தொட்டியில் தண்ணீர் நிரப்பி, பம்பை ஓட விட்டு, மத்தியானம் கட்டிலில் சாய்ந்தவர், அடித்துப்போட்டாற்போல் தூங்கினார். சாயங்காலம் மகளின் போன்தான் எழுப்பியது.

"வாங்கியாச்சாப்பா?"

"ஆச்சு. மீனு மட்டும் மூணு வாரம் கழிச்சு."

"அது என்ன சத்தம்? சத்தமில்லாத பம்புன்னுதானே எழுதி..."

பாதியில் நிறுத்திவிட்டாள்.

"பழசும்மா. சும்மா வாங்கினேன்" என்று மழுப்பினார். திட்டப் போகிறாள் என்றுதான் நினைத்தார்.

"அப்பா, கொஞ்சம் பேசாம இருங்க. போனை அது பக்கத்துல வைங்க."

பம்பின் பக்கத்தில் போனைக் கொண்டுபோய்ப் பிடித்தார். அந்தப் பக்கம் அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது, ஆனால் போனை வைக்கவில்லை. கை கடுத்தபோது இவர் மறு கைக்கு மாற்றிப் பிடித்துக்கொண்டார்.